மேடத்துக்கு உடம்பு சரியில்லை!

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் படித்த காலத்தில், காய்ச்சலோடு வகுப்புக்கு வந்த வாத்தியார் யாராவது ஞாபகத்தில் இருக்கிறாரா?

கட்டாயம் இருப்பார். காதைச் சுற்றி மஃப்ளர், கையில் கசங்கிய கைக்குட்டை, மேஜை மேல் ஒரு ஃப்ளாஸ்க். நாலு வரி நடத்துவார், அஞ்சு தடவை இருமுவார். பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, 'பாவம்டா, பேசாம லீவு போட்டிருக்கலாம்ல' என்று நாம் முனகியிருப்போம். அதில் பாதி பரிதாபம். மீதிப் பாதி என்னவென்று உங்களுக்கே தெரியும். ஃப்ரீ பீரியட் போச்சே!

ஆனால் பத்து வருஷம் கழித்து அதே வாத்தியாரைப் பற்றிப் பேசும்போது டயலாக் மாறிவிடும். 'என்ன ஒரு டெடிகேஷன் தெரியுமா? நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல்லயும் வந்து கிளாஸ் எடுத்தாரு!'

இந்த இரண்டாவது டயலாக்கை என்னைப் பற்றியும் யாராவது சொல்ல மாட்டார்களா என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அந்த நப்பாசை செய்த வேலையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இடம், தெள்ளார். திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். அங்கே ஒரு கடையின் மாடியில், தகர ஷீட் போட்ட ஹாலில், ஞாயிறுதோறும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வகுப்பு. ஊர்ப் பையன்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற இலவச வகுப்பு. பொதுத் தமிழ் என் பொறுப்பு. காலையில் மூன்று மணி நேரம்.

குரூப் 4 எழுதியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். 'தமிழ்தானே, பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் நிறைய பேர் அங்கேயே வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அதனால் மாடியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை ஜாஸ்தி.

2024 ஜூன் 9 அன்று தேர்வு. நான் சொல்கிற ஞாயிறு, மே 12. சரியாக நாலு வாரம் பாக்கி. முந்தின நாள் ராத்திரியே உடம்பு அனலாகக் கொதித்தது. காலையில் எழுந்தால் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி வலி. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது, நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக்கொண்டே, 'ஒரு வாரம் போகலன்னா ஊரு கவுந்துடாது' என்றார். காதில் வாங்கவில்லை. ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் யாரை நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா? அப்துல் கலாமை!

சிரிக்காதீர்கள். 2015 ஜூலை 27 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஷில்லாங் ஐ.ஐ.எம். மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனார். வயது 83. படியேறும்போதே ஏதோ சரியில்லை. கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு அரங்குக்குள் போனார். பேச ஆரம்பித்துச் சில நிமிஷம்தான், அப்படியே சரிந்துவிட்டார். 'வகுப்பறையிலேயே உயிர் விட்ட வாத்தியார்' என்று நாடே நெகிழ்ந்தது. தன்னை எல்லோரும் ஆசிரியராக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவந்த மனிதர் அவர். நானும் அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுததோடு விட்டிருக்கலாம். 'சாவுன்னா இப்படி இருக்கணும்' என்று ஒரு பாடத்தையும் மனசுக்குள் எழுதிக்கொண்டேன். கலாமின் உடம்பில் இருந்த பிரச்னை யாரையும் தொற்றாது, என்னுடையது தொற்றும் என்கிற வித்தியாசம் பஸ்ஸில் போகும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைய பாடம் வேறு சரியாக மாட்டியது. நந்திக் கலம்பகம்.

தெள்ளார்க்காரர்களுக்கு இது சொந்த ஊர்ப் பாட்டு. இன்றைய தெள்ளார்தான் அன்றைய தெள்ளாறு. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் என்கிற பல்லவ ராஜா பாண்டியப் படையை இங்கேதான் தோற்கடித்தான். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று அவனுக்கு அப்படியே பட்டப்பெயர் நின்றுவிட்டது. அவன் மேல் பாடப்பட்டதுதான் நந்திக் கலம்பகம். கிடைத்திருக்கிற கலம்பகங்களில் இதுதான் மூத்தது. எழுதினது யாரென்று தெரியாது. (மூன்றும் மூன்று கேள்விகள். குறித்துக்கொள்ளுங்கள்.)

இந்த நூலுக்கு ஒரு கதையும் உண்டு. ராஜாவைக் கொல்வதற்காகவே அறம் வைத்துப் பாடின பாட்டாம். ஒவ்வொரு பாட்டையும் ஒரு பந்தலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் பந்தல் பற்றிக்கொள்ளும். நூறாவது பாட்டில் ஆளும் காலி. எல்லாம் தெரிந்தும், தமிழ் மேல் இருந்த ஆசையில் ராஜா கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்து கேட்டு எரிந்துபோனான் என்கிறது கதை. சரித்திரம் இல்லை, கதைதான். ஆனால் என்னைப் போல நெற்றி கொதிக்கக் கொதிக்க நின்று சொன்னால் எப்படி இருக்கும்! கண் சிவந்திருக்கிறது, குரல் தழுதழுக்கிறது, ஹால் அப்படியே மயான அமைதி. 32 பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். எனக்கோ கலாமும் நந்திவர்மனும் என் இரண்டு பக்கமும் நிற்கிற மாதிரி ஒரு ஃபீலிங்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்.

"மேடம், அந்த ராஜா அன்னிக்கு லீவு போட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாருல்ல?"

ஹால் கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கப் போய் இருமினேன். அந்த இருமல் நிற்க இரண்டு நிமிஷம் ஆனது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல், வெயிலுக்காகச் சாத்தியிருந்தது.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியம் சாதாரணமாகத் தெரிகிறதா? செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. 'மேடம், எனக்கு ஜுரம்', 'மேடம், தம்பிக்கும் ஜுரம்'. அந்த வாரத்துக்குள் என் வகுப்பில் மட்டும் ஏழு பேர் படுத்துவிட்டார்கள். ஏழும் நான் கொடுத்ததுதான் என்று சாட்சி இல்லை. ஊரிலும் காய்ச்சல் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த ஏழு பேரில் ஒரு பெண். பக்கத்துக் கிராமம். வீட்டில் ஆரணிப் பட்டு நெய்கிறார்கள். அப்பா இல்லை. அம்மாவும் அவளும்தான் தறி. ராத்திரி நெய்வாள், விடியற்காலையில் படிப்பாள், மாதிரித் தேர்வில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். அவளுக்குக் காய்ச்சல் விடுவதற்குள் அம்மாவுக்கு வந்துவிட்டது. தறி எட்டு நாள் நின்றது.

நின்றால் என்ன என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் கேட்கலாம். நெய்து முடித்து, சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பாதிச் சேலைக்குப் பாதிக் கூலி கிடையாது. மெடிக்கல் லீவும் கிடையாது. என் கலாம் கனவுக்கு எட்டு நாள் கூலி கட்டியது அந்த வீடு. படிக்கிற நாட்களிலும் எட்டு போனது. தேர்வுக்கு இருந்ததே 28 நாள்தான்!

எனக்கு என்ன ஆனது? காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அம்மா விடுவாரா... பனங்கற்கண்டுப் பால், சித்தரத்தை, அதிமதுரம், உப்புத் தண்ணீர் என்று வரிசையாக இறக்கினார். அசையவில்லை.

கடைசியில் ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதுசு. இத்தனைக்கும் தொண்டையை வைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். (எல்லோரும்தான். நான் சொல்வது வேற மீனிங்.)

குரல் நாண் என்பது தொண்டைக்குள் இருக்கிற இரண்டு சின்னச் சதை மடிப்பு. நீளம் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். நாம் பேசும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் நூறு தடவைக்கு மேல், பெண்களுக்கு இருநூறு தடவை வரை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் மூன்று மணி நேர வகுப்பில் இரண்டு மணி நேரம் பேச்சு என்று வைத்தால் 14 லட்சத்து 40 ஆயிரம் மோதல். மூச்சு விடுவது, போர்டில் எழுதுவது என்று பாதியைக் கழித்தாலும் 7 லட்சம்! நல்ல நாளில் அது தாங்கும். வீங்கிச் சிவந்திருக்கிற நாளில் அதே 7 லட்சம் தடவை அடித்தால்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன். வீக்கத்தோடு தொடர்ந்து கத்திக்கொண்டே இருந்தால், நாளாவட்டத்தில் அந்த இடம் காய்த்துப்போய் முடிச்சு விழுமாம். பாடகர்களுக்கும் வாத்தியார்களுக்கும் வருகிற வியாதி. நல்லவேளை, எனக்கு அதுவரை போகவில்லை.

இன்னொன்று. நாம் குடிக்கிற கஷாயம் குரல் நாணைத் தொடுவதே இல்லை. அது போகிற குழாய் வேறு, குரல் இருக்கிற குழாய் வேறு. தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர், அந்த வரைக்கும் நல்லது. ஆவி பிடித்தால் ஈரக்காற்றாவது அங்கே போகும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் இல்லை என்பது ஒன்று, குரல் இல்லை என்பது இரண்டு.

'பேசாதீங்க. கிசுகிசுன்னும் பேசாதீங்க' என்றார் டாக்டர். குரல் போனால் நாம் உடனே ரகசியம் பேசுகிற மாதிரி ஊதி ஊதிப் பேசுவோமில்லையா, வலிந்து அப்படிப் பேசினால் அதுவும் குரலுக்குச் சிரமம்தானாம். அடிக்கடி 'க்கும்... க்கும்...' என்று கனைப்பதும் அப்படித்தான். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் கட்டாயம் உள்ளே பார்க்க வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

இது என் ஒருத்தியின் தொண்டை விவகாரம் இல்லை. 2004-ல் அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் எடுத்த ஒரு ஆய்வு பிரபலம். ஆயிரத்துச் சொச்சம் ஆசிரியர்கள், கிட்டத்தட்ட அதே அளவு மற்ற வேலைக்காரர்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது குரல் கெட்டுப் போனவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8. கிட்டத்தட்ட டபுள்! தச்சருக்கு உளி மழுங்கினால் தீட்டுவார். டிரைவருக்கு பிரேக் பிடிக்கவில்லையென்றால் வண்டியை எடுக்க மாட்டார். வாத்தியார் மட்டும் தொண்டை போனால் பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு முதல் பீரியடுக்கு ஓடுவார்.

அடுத்த ஞாயிறு, மே 19. காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிவிட்டதால், முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன். ஹாலில் பாதி காலி. ஜன்னல்களை முழுக்கத் திறந்து வைத்தேன். போர்டில் எழுதினேன்: 'எனக்குக் குரல் இல்லை. இன்று நீங்கள் நடத்துங்கள்.'

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். கடைசியில் எழுந்தது யார் என்கிறீர்கள்? ராஜாவுக்கு லீவு கேட்ட அதே பையன். வந்தவாசிப் பக்கம், கோரைப்பாய் வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளை. சாக்பீஸை வாங்கிக்கொண்டு என் மாதிரியே தலையைச் சாய்த்து, "ஸோ... போன வாரம் என்ன பார்த்தோம்?" என்று ஆரம்பித்தான். நான் அப்படியா பேசுகிறேன்? பேசுகிறேன் போலிருக்கிறது. வகுப்பே உருண்டு சிரித்தது.

ஆனால் நடத்தினான் பாருங்கள்! 'கலம்னா பன்னெண்டு, பகம்னா ஆறு, மொத்தம் பதினெட்டு உறுப்பு. அதான் கலம்பகம். பஸ்ல பன்னெண்டு பேரு உட்கார்ந்திருக்கான், ஆறு பேரு நிக்கிறான்னு வச்சுக்கோ, மறக்காது' என்றான். நான் நாலு வருஷமாக நடத்துகிற பாடம், இந்த பஸ் எனக்குத் தோன்றவே இல்லை. நடுவில் 'இரண்டாம் நந்திவர்மன்' என்று சொல்லிவிட்டான். நான் மேஜையைத் தட்டி மூன்று விரலைக் காட்டினேன். 'மூணாம்! மூணாம்!' என்று முப்பது பேர் கத்துகிற சத்தத்தை மீதியிருந்த பதினைந்து பேர் போட்டார்கள். அந்தக் கேள்வியை இனி இந்த ஜென்மத்தில் ஒருத்தரும் தப்பாக எழுத மாட்டார்கள்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமை. நான் இல்லாவிட்டால் வகுப்பு நடக்காது என்று நினைத்துத்தானே காய்ச்சலோடு ஓடி வந்தேன்?

மே 26 அன்று அந்தத் தறிப் பெண் வந்தாள். முகம் வற்றிப்போய் இருந்தது. எனக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது. வகுப்பு முடிந்து படிக்கட்டில் நிறுத்தி, "என்னாலதானே உனக்குக் காய்ச்சல் வந்தது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். நான் போகவிடாமல் நின்றதும், செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இழை அறுந்தா தறிய நிறுத்திட்டு முடிச்சு போட்டுட்டுதான் மேடம் மறுபடி நெய்வோம். நிறுத்தாம அப்படியே நெஞ்சா அந்த இடம் சேலையில தெரியும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

உங்களில் பி.எட். படிக்கிறவர்கள் இருப்பீர்கள், டியூஷன் எடுத்து செலவுக்குச் சம்பாதிக்கிறவர்கள் இருப்பீர்கள். 'மேடம், நீங்க சொல்வீங்க, எங்களுக்கு எங்க லீவு?' என்று கேட்பீர்கள். நியாயம். தமிழ்நாட்டில் அரசு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு தனி. ஆனால் ஒரே ஒரு ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் அந்த 12 நாளை எடுப்பது எப்படி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். தொகுப்பூதியத்தில் இருக்கிறவர்களுக்கும் டியூஷன் எடுக்கிறவர்களுக்கும் வராத நாள் சம்பளம் இல்லாத நாள். தறிக்காரருக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவர்கள் காய்ச்சலோடு வருவதை டெடிகேஷன் என்று நாம் கைதட்டுவது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. சம்பளமே இல்லாத வகுப்பு அது. ஒரு ஃபோன் போட்டிருந்தால் முடிந்தது. என்னை பஸ் ஏற்றிவிட்டது பெருமை மட்டும்தான்.

இப்போது எங்கள் மாடியில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். பெரிய புரட்சியெல்லாம் இல்லை. இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் செட் ஒன்று வாங்கினோம். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது எலிமருந்து விற்கிற மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்களில் இரண்டு பேர் தயாராக இருப்பார்கள், வர முடியாதவருக்குப் பதில் அவர்கள் நடத்துவார்கள். ஜுரத்தோடு யாரும், வாத்தியாராக இருந்தாலும், படியேறக் கூடாது. ஜன்னலைச் சாத்தக் கூடாது, வெயிலானாலும்.

அந்தப் பெண் ஜூன் 9 தேர்வை எழுதினாள். வேலை கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது. அந்த எட்டு நாள்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. காரணம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டே, இப்போது அதே மாடியில் புதியவர்களுக்குக் கணக்கு எடுக்கிறாள். நன்றாக எடுக்கிறாள்.

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஃபோன் அடித்தது.

"மேடம், எனக்குக் காய்ச்சல். இன்னிக்கு வரல."

அவ்வளவுதான். 'ஸாரி' இல்லை, 'முயற்சி பண்றேன் மேடம்' இல்லை. சரிம்மா, படுத்துக்கோ என்றேன். அன்று கணக்குக்குத் தயாராக இருக்க வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டான், இன்னொருத்தி பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டாள். அவள் வந்து சேரும் வரை தனிவட்டி, கூட்டுவட்டியை நானே எடுத்தேன்.

இரண்டு கணக்கு தப்பு. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து திருத்தினான்.